இரண்டு தடவை அமுக்க வேண்டாம்

பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் துப்பிய தாளை நடராசன் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஒண்ணு, பெரியத்தா. ரெண்டு, மாமி. மூணு, மாப்பிள்ளை. நாலு..." படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா ஹுமைரா, மெஷினு மொதல்ல உங்க பெரியத்தாவ அறுத்துட்டு அப்பறம்தான் நெல்லுக்கு வருமா?"

ஹுமைரா தாளை வாங்கிப் பார்த்தாள். காது மடல் வரை சூடு ஏறியது. அந்தத் தாளில் வந்திருக்க வேண்டியது மேலக்குறிச்சி வயல்களின் அறுவடை வரிசை. வந்திருப்பதோ, போன வருஷம் தம்பி உபைதுல்லாவின் கல்யாணத்தன்று காலையில் ஒரே ஒரு குளியலறையில் பதினோரு பேர் எந்த வரிசையில் குளிக்க வேண்டும் என்ற பட்டியல்.

"அது டெஸ்டுக்குப் போட்டதுண்ணே."

"பெரியத்தாவ மொதல்ல விட்டது சரிதான். பெரியவங்க," என்றார் நடராசன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

குத்தாலம் கடைத்தெரு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது நடராசனின் ஆபீஸ். ஒவ்வொரு தை மாதமும் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எட்டு அறுவடை மெஷின்களை வரவழைத்து, சுற்றுப்பட்டு பதினான்கு ஊர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். எந்த வயலுக்கு எப்போது மெஷின் போகும் என்பது ஒரு நீள நோட்டில் இருக்கும். யார் முதலில் வந்து சொன்னாரோ அவர் பெயர் மேலே. கேட்கச் சுலபம்தான். ஆனால் ஒரு சின்ன அறை அகலம் இருக்கும் மெஷினால் நிற்கிற பயிரின் மேல் ஏறிப் போக முடியாது. நோட்டில் முதலில் இருப்பவரின் வயல் உள்ளே இருந்தால், சாலையோரத்து வயல் அறுபடும் வரை மெஷின் ரோட்டில் நின்று புகைவிட்டுக்கொண்டிருக்கும். டிரைவர் டீக்கடையில் இருப்பார். நடராசனின் செல்போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதைத்தான் ஹுமைரா கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கப் பார்த்தாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து நான்கு வருஷமாகக் கடைத்தெருவில் ஒரு சென்டர் வைத்திருந்தாள். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களை டைப் அடித்ததைத் தவிர அந்த சென்டரில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. இந்த அறுவடை அப்ளிகேஷன்தான் அவள் முழுக்க முழுக்கத் தானே உட்கார்ந்து எழுதிய முதல் வேலை. நடராசன் ஒரு வாரத்துக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "பொங்கல் கழிச்சு நாலாம் நாள் கொண்டா. அன்னிக்கி சரியா வந்தா இந்த மேஜைல வச்சிக்கிறேன். வரலைன்னா நோட்டுதான். சீசன் நடுவுல மாட்ட மாத்த முடியாது." அவளுக்கு அடுத்த தை கிடையாது. கணவன் சித்தீக் ஷார்ஜாவில் வீடு பார்த்துவிட்டான், பங்குனியில் விமானம். தான் எழுதியது ஒரு தடவையாவது ஒரு வயலில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அந்த நாலாம் நாள் இன்றுதான்.

அப்ளிகேஷனை அவள் விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, வயல்களைக் காட்டும் கட்டம், 'வரிசை போடு' என்று ஒரு பட்டன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் வரிசை போடும் மூளை அதற்குள் இல்லை. அந்த மூளை பைத்தான் என்ற வேறொரு மொழியில், தனியாக, ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உபைதுல்லா சொன்ன யோசனை அது. "ஊருக்கு ஊரு வழக்கம் மாறும் லாத்தா. ஒவ்வொரு தடவயும் அப்ளிகேஷனையே பிரிச்சுக் கட்டுவியா? அது கேள்வி மட்டும் கேக்கட்டும். பதில வேற ஒருத்தன் சொல்லட்டும்."

அதன்படி, பட்டனை அமுக்கியதும் அப்ளிகேஷன் மூன்று வேலை செய்யும். முதலில் அந்த ஊர் வயல்களையும், எதில் கதிர் எப்போது முற்றும் என்பதையும், எந்த வயலுக்கு எந்த வயல் பக்கம் என்பதையும் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும், அது கேள்வித்தாள். பிறகு பைத்தானை எழுப்பி, 'கேள்வித்தாள் வைத்திருக்கிறேன், பார்' என்று சொல்லும். பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்துக் கணக்குப் போட்டு, விடைத்தாள் என்று இன்னொரு ஃபைலை எழுதி வைக்கும். மூன்றாவதாக, அப்ளிகேஷன் விடைத்தாளை எடுத்து அச்சடிக்கும். ஒன்றுக்கு மற்றதன் மொழி தெரியாது. இரண்டுக்கும் எழுதப் படிக்கத் தெரியும், அது போதும்.

"இன்னொரு தடவ அமுக்கிப் பாரு," என்றார் நடராசன்.

அமுக்கினாள். மேலக்குறிச்சி அழகாக வந்தது. அறுபத்திரண்டு வயல், ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள், வரிசையாக.

"பாத்தியா. வந்துருச்சே."

ஆனால் ஹுமைராவுக்கு மனசு ஆறவில்லை. ஊர்ப் பெட்டியில் நல்லாவூரைத் தேர்ந்தெடுத்து அமுக்கினாள். மறுபடியும் மேலக்குறிச்சி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். நல்லாவூர்.

நடராசன் நாற்காலியில் சாய்ந்தார். "வெளங்கிருச்சும்மா. மொதத் தடவ அதுக்குக் காது கேக்கல. ரெண்டு தடவ அமுக்கணும். டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போடுறவன்கூட ரெண்டு தடவ தட்டித்தான் போடுறான். செவுத்துல எழுதி ஒட்டிருவோம், ரெண்டு தடவ அமுக்கவும்னு."

"அப்படியெல்லாம் விட முடியாதுண்ணே. ஒருநா மறந்து ஒரு தடவ அமுக்குனீங்கன்னா நல்லாவூர் மெஷின் மேலக்குறிச்சிக்குப் போயிரும்."

"அது நோட்டுலயும் போயிருக்கு."

தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். ஒரு நிமிஷத்தில் அவன் கூப்பிட்டான்.

"என்ன லாத்தா, மெஷினு ஓடுதா?"

"ஓடுது. பெரியத்தா மேல ஓடுது."

அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். "எதக் கேட்டாலும் அதுக்கு முந்துன கேள்விக்குப் பதில் வருது. பதில் சரிடா. ஆனா ஒரு கேள்வி பின்னாடியே நிக்கிது."

"என் யோசனைல ஒண்ணும் தப்பில்ல."

"ஒன்ன யாரு சொன்னா. எனக்கே இப்பதான் வெளங்குது. பைத்தான எழுப்பச் சொல்லி ஒரு வரி போட்டிருக்கேன்ல, அது எழுப்பி விட்டுட்டு நிக்கிறதில்ல. அடுத்த வரிக்குப் போயிருது. அவன் எந்திரிச்சு சோம்பல் முறிக்கிறதுக்குள்ள நான் விடைத்தாளத் தொறந்துர்றேன். அங்க பழைய விடைத்தாள்தான் கெடக்குது. அதையே அச்சடிச்சிர்றேன். நான் அச்சடிச்ச பெறகு அவன் வந்து புதுசா எழுதி வைக்கிறான்."

"அத அடுத்த தடவ எடுத்துக்கிற."

"ஆமா. ஆனா வீட்ல அம்பது தடவ ஓட்டுனேனேடா, ஒரு தடவகூடத் தப்பல."

"அம்பது தடவயும் எத ஓட்டுன?"

"குளியல் லிஸ்ட்ட."

ஐம்பது தடவையும் ஒரே கேள்வி. அதனால் முந்தைய பதிலும் புதிய பதிலும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. பழைய விடைத்தாளும் அப்படியே பென் டிரைவில் ஏறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா தம்பி இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். நடராசனும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹுமைரா தன் லேப்டாப்பைத் திறந்தாள். பைத்தானை எழுப்பிய பின் மூன்று வினாடி சும்மா இரு என்று ஒரு வரி சேர்த்தாள். மேலக்குறிச்சி முதல் அமுக்கிலேயே வந்தது. நல்லாவூரில் இருநூற்றுப் பத்து வயல், கணக்கு நீளம், மூன்று வினாடி போதவில்லை. ஐந்து என்று மாற்றினாள். நடராசனின் பழைய கம்ப்யூட்டர் சில நேரம் நான்கில் முடித்தது, சில நேரம் ஏழுக்குப் போனது. எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் தர்மாம்பாள் உள்ளே வந்தார். மேலக்குறிச்சிக்காரர், ஐம்பது வயதிருக்கும், கணவர் திருப்பூரில் இருப்பதால் ஒன்றரை ஏக்கரையும் தானே பார்த்துக்கொள்கிறவர். அவருடைய வயல் நட்ட நடுவில் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் ஆயிரத்தொன்பது ரகம் போட்டிருக்க, அவர் மட்டும் சீக்கிரம் விளையும் ஆடுதுறை ரகம் போட்டிருந்தார். கதிர் முற்றிவிட்டது. சாலைப் பக்கத்து வயல்களில் இன்னும் பச்சை போகவில்லை.

"நடராசா, எனக்கு என்னிக்கி? தொட்டா கொட்டுது."

"ஒக்காரு அத்தாச்சி. இன்னிலேருந்து கம்ப்யூட்டருதான் நாள் சொல்லும். அதுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம். தங்கச்சி எழுப்பிக்கிட்டிருக்கு."

தர்மாம்பாள் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து வெளியே பார்த்தார். எதிர் வயலில் காலையிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போரம் நெல் மூட்டைகள் தெரிந்தன. ரோட்டில் ஒரு டிராக்டர் டிரெய்லரோடு நின்றது. டிரைவர் பானெட்டில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூட்டதான் ரெடியா இருக்கே. ஏன்க்கா இன்னும் வண்டி உள்ள போகல?" என்று ஹுமைரா கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்க ஒரு சாக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"பிரி தொங்கலையே."

"எது?"

"வைக்கப் பிரி. முழு வயலும் அறுத்து, மூட்டையெல்லாம் தச்சு முடிச்சாத்தான், வாமடையில, தண்ணி பாயிற வாயில, குச்சிய நட்டு அதுல வைக்கலத் திரிச்சு தொங்க விடுவாங்க. அதப் பாத்துத்தான் டிராக்டர் எறங்கும். மூட்ட தெரியுதேன்னு எறங்குனான்னு வையி, பாதி மூட்டைய ஏத்திக்கிட்டு வந்துருவான். மிச்சத்துக்கு இன்னொரு நடை போவணும்."

ஹுமைராவின் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. "அப்பறம் அந்தப் பிரி அங்கயேதான் கெடக்குமா?"

"அதெப்புடி? டிராக்டர்க்காரன் அத அவுத்து எறிஞ்சிட்டுத்தான் உள்ளயே போவான். இல்லாட்டி நாளைக்கி வேற எவனாச்சும் அதப் பாத்துட்டு வந்து நிப்பான்ல."

அவள் டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். விடைத்தாள் இருக்கிறதா என்று பார்ப்பது மூட்டை தெரிகிறதா என்று பார்ப்பது போல. எழுதத் தொடங்கிய நொடியிலேயே ஃபைல் வந்துவிடும். பாதி எழுதியிருக்கும்போது திறந்தால் பாதி வரிசைதான் கிடைக்கும். அதைவிடப் பழைய வரிசையே தேவலை. ஆகையால் பைத்தான் ஸ்கிரிப்ட் விடைத்தாளைக் கடைசி வரி வரை எழுதி, மூடி வைத்த பிறகு, இன்னொரு குட்டி ஃபைலை உண்டாக்க வேண்டும். உள்ளே ஒன்றும் இருக்க வேண்டாம், பெயர் போதும். அதற்கு அவள் 'பிரி' என்றே பெயர் வைத்தாள். அப்ளிகேஷன் கேள்வி கேட்பதற்கு முன் பழைய பிரி இருந்தால் அழித்துவிடும். பிறகு பைத்தானை எழுப்பும். புதுப் பிரி வந்துவிட்டதா என்று அரை வினாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். வந்த பிறகே விடைத்தாளைத் தொடும். ஒரு நிமிஷமாகியும் வரவில்லை என்றால், 'ஸ்கிரிப்ட் பதில் சொல்லவில்லை' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். ஸ்கிரிப்ட் பக்கம் இரண்டு வரி, அப்ளிகேஷன் பக்கம் பத்து வரி. டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"அமுக்குங்கண்ணே. ஒரு தடவதான்."

நடராசன் சட்டைக் கையை மடித்துவிட்டு அமுக்கினார். மேலக்குறிச்சி வந்தது. நல்லாவூர் என்று மாற்றி அமுக்கினார். திரையில் மணல்கடிகாரம் ஆறு வினாடி சுற்றியது. நல்லாவூர் வந்தது. மறுபடி மேலக்குறிச்சி. மேலக்குறிச்சியே வந்தது. ஏமாற்றப் பார்ப்பவர்போல, சட்டென்று நல்லாவூருக்கு மாற்றி அமுக்கினார். அது ஏமாறவில்லை.

"எனக்கு என்னிக்கின்னு போட்டிருக்கு?" என்றார் தர்மாம்பாள்.

நடராசன் மேலக்குறிச்சித் தாளில் விரலை ஓட்டினார். "நாளைக்கி மறுநாள் காலைல. ஒம்போதாவது ஆளு." விரல் அங்கேயே நின்றது. "இது தப்பும்மா. அத்தாச்சி எப்பவும் கடைசி. ரோட்டோரம் பச்சையா நிக்கிதே, எப்படி உள்ள போவும்?"

ஹுமைரா தாளை வாங்கி, தர்மாம்பாளுக்கு முந்தைய பெயரைப் பார்த்தாள். "வைத்தியலிங்கம் அப்பறமா இவங்க. அவரு வயல் எங்கருக்கு?"

"அது அந்தாண்ட, கன்னி வாய்க்காலுக்குத் தெக்க. அது வேற மடையில பாயிற நெலம், அதுக்கும் இதுக்கும்..." நடராசன் பேச்சை நிறுத்தினார். காற்றில் விரலால் ஒரு கோடு போட்டார். அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. "வைத்தியலிங்கமும் ஆடுதுறைதான் போட்டிருக்கான். நாளைக்கி அறுப்பு. வாய்க்கால் ஒரு மொழந்தான் அகலம். தண்ணி இல்ல. நம்ம மெஷினு பெல்ட் வண்டி, சும்மா ஏறி எறங்கிரும்." தர்மாம்பாளைப் பார்த்தார். "தெக்கேருந்து வந்தா என்ன?"

"வந்தா வரட்டும். நானா வேணாங்கிறேன்? ரோட்டுலேருந்துதான் வரணும்னு நீதான் வருஷாவருஷம் நிப்பாட்டி வச்ச."

ஸ்கிரிப்டுக்கு ரோடு தெரியாது, மடை தெரியாது. எது எதற்குப் பக்கம், எது எப்போது முற்றும் என்று கொடுத்ததோ, அது மட்டுமே தெரியும். அறுத்த வயலிலிருந்து பக்கத்து வயலுக்குப் போகலாம் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு, முற்றிய கதிர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தர்மாம்பாள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வைத்தியலிங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதாகக் கிளம்பினார்.

நடராசன் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா நல்லாவூர்ல கோயில் நெலம் அறுத்த பெறகுதான் மத்தவங்க கருக்கருவா எடுப்பாங்க. ஒன் லிஸ்டுல கோயில் நெலம் பதினேழாவது. இத இப்ப நீ மாத்திக் குடுத்துருவ. பங்குனில ஷார்ஜாவுக்குப் போயிருவ. அடுத்த வருஷம் ஒரு ஊர்ல வேற ஒண்ணு சொல்லுவான். நான் யார்ட்ட போறது? ஓடாத வண்டிய மேஜைல வச்சி என்ன பண்றது? அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

ஹுமைரா எழுந்து நின்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்கண்ணே. அந்த ஸ்கிரிப்டு ஃபைல நோட்பேடுல தொறங்க."

"நானா? நான் டைப்ரைட்டிங் லோயரோட நின்னவன்மா."

"அது போதும்."

திறந்தார். மேலே ஐந்தாறு வரிகள், ஆங்கில எழுத்தில் தமிழ். எந்த ஊர், அந்த ஊரில் யாருக்கு முதல் இடம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு மெஷின் நிற்க வேண்டும். நடராசன் உதட்டை அசைத்துப் படித்தார். "இது வெளங்குதே," என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"நல்லாவூருக்குக் கீழ ஒரு வரி சேருங்க. முதல்னு போட்டு, கோயில்னு போடுங்க. மேல இருக்கிறதப் பாத்து அதே மாதிரி."

இரண்டு ஆள்காட்டி விரல்களால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்தார். சேமித்தார். பட்டனை அமுக்கினார். மணல்கடிகாரம் சுற்றியது, சுற்றியது, ஒரு நிமிஷம் முழுக்கச் சுற்றியது. பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது: 'ஸ்கிரிப்ட் பதில் சொல்லவில்லை.'

நடராசன் கையை கீபோர்டிலிருந்து சுடுகிறதுபோல எடுத்தார். "போச்சா? கெடுத்துட்டேனா?"

"எது போச்சு? மேலக்குறிச்சிய எடுத்துப் பாருங்க. வயல் கட்டம் வருதா? ஊர்ப் பெட்டி தொறக்குதா?"

எல்லாம் வந்தது; எல்லாம் திறந்தது.

"விழுந்தது ஸ்கிரிப்டு மட்டும்தாண்ணே. அது தனி ஆளு. அவன் விழுந்தா இவன் விழமாட்டான். நீங்க அதுல என்ன தப்புப் பண்ணுனாலும் அப்ளிகேஷன் நிக்கும். இப்ப ஒங்க வரியப் பாருங்க."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சொற்கள் எல்லாம் சரி. ஆனால் வரி மட்டும் மற்ற வரிகளுக்கு உள்ளே தள்ளி நின்றது. முன்னால் ஐந்து இடைவெளி.

"இது எதுக்குண்ணே?"

"புதுப் பத்தி ஆரம்பிக்கிறேன்ல. அஞ்சு ஸ்பேஸ் விடணும்மா. விடலைன்னா லோயர்ல மார்க்குக் கொறைப்பான்."

ஹுமைரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "பைத்தான்ல அஞ்சு விட்டா மார்க்கே இல்லண்ணே. வரி முன்னாடி காரணமில்லாம எடம் விட்டா கோவிச்சுக்கும்."

"நல்ல ஆளுய்யா," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு இடைவெளியாக அழித்தார். சேமித்தார். அமுக்கினார். ஆறு வினாடி. கோயில் நிலம் முதலில் வந்து நின்றது. மற்ற இருநூற்று ஒன்பதும் அதன் பின்னால் தத்தம் இடத்தை மாற்றிக்கொண்டு வரிசையாக வந்தன.

நடராசன் தாளைக் கையில் எடுக்கவில்லை. திரையிலேயே மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். "அப்ளிகேஷன நாம தொடவே இல்லையே," என்றார்.

"தொட வேண்டாம். ஊரு வழக்கம் எல்லாம் வெளியதான் இருக்கு. நோட்பேடு தெரிஞ்சா போதும். மாட்டிக்கிட்டீங்கன்னா அந்த ஒரு ஃபைல மட்டும் எனக்கு மெயில்ல போடுங்க. ஷார்ஜாலேருந்து பாத்து அனுப்புறேன்."

"மாட்டிக்கிட்டாத்தான?" என்றவர், நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹுமைராவுக்கு உட்கார இடமில்லை. பெஞ்சுக்குப் போய், ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் எழுதிய அப்ளிகேஷனின் முன்னால் வேறொருவர் உட்கார்ந்து, அவளைக் கேட்காமலே, அடுத்த ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்த டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

நடராசன் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"யூனுஸ் பாய், ஒங்க ஊர்ல வெள்ளிக்கெழம தொழுகைக்கு மெஷின எத்தன மணிக்கு நிப்பாட்டணும்? பன்னெண்டா, பன்னெண்டரையா? சரியா சொல்லுங்க பாய், எழுதிட்டா அப்பறம் அதுதான்... நோட்டுல இல்ல, ஸ்கிரிப்டுல... யாரு எழுதுறாங்களா? நான்தான் எழுதுறேன்."